சிரிக்காமல் சொல்லப்பட்ட ஊர்கள்

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிதுவேனியாவின் தலைநகரமான வில்னியுஸ் தன்னைப் பற்றி ஒரு விளம்பரம் வெளியிட்டது. இந்த ஊர் எங்கே இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டாலும் சரி, அருமையான ஊர் என்பதுதான் அதன் சாரம். எங்கள் ஊர் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது, அது எங்களுக்கும் தெரியும் என்று ஒரு தலைநகரமே சபையில் ஒப்புக்கொண்டுவிட்டது. வேறு நாடாக இருந்தால் இந்த வாசகத்தை எழுதியவர் மேல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கும். லிதுவேனியர்கள் சுவரொட்டி அடித்து வெளியூர்களில் ஒட்டினார்கள்.

அதே ஊரிலிருந்து வடக்கே 26 கிலோமீட்டர் போனால் அடுத்த வேடிக்கை. 1989-இல் பிரான்சின் தேசியப் புவியியல் நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்து, ஐரோப்பாக் கண்டத்தின் மையம் புர்னுஷ்கேஸ் என்ற கிராமத்தின் பக்கத்தில் விழுகிறது என்று சொன்னது. கண்டத்தின் எல்லையை எங்கே வைப்பது, தீவுகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து மையம் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் உக்ரைன், ஸ்லோவாக்கியா, போலந்து, பெலாரூஸ் என்று ஆளுக்கொரு மையம் வைத்திருக்கிறார்கள். உக்ரைனில் ராஹிவ் அருகே உள்ள கல்லை அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிய அரசு 1887-லேயே நட்டுவிட்டது. லிதுவேனியா இதற்கெல்லாம் அசரவில்லை. 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த கையோடு, வெள்ளைக் கிரானைட் தூண் ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் நட்சத்திரக் கிரீடத்தையும் சூட்டிவிட்டது. பக்கத்திலேயே கோல்ஃப் மைதானம். கண்டத்தின் நட்டநடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளும் ஜெர்மானியரிடமோ ஆங்கிலேயரிடமோ, அங்கே வருவதற்கு முந்தைய மாதம் லிதுவேனியாவை வரைபடத்தில் காட்டச் சொல்லியிருந்தால், விரல் பால்டிக் கரையோரம் மூன்று நாடுகளுக்கும் மேலாக வட்டமடித்திருக்கும்.

லிதுவேனியர்கள் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கடைக்காரர் சிரிப்பதில்லை, பேருந்து ஓட்டுநர் சிரிப்பதில்லை, நுழைவுச்சீட்டு கிழிப்பவர் சீட்டைக் கிழிப்பதோடு சரி. முதல் நாள் இதைக் கண்டு முகம் வாடும் பயணி, நாலைந்து இடம் பார்த்த பிறகுதான் விஷயத்தைப் பிடிக்கிறார். இவர்களிடம் நகைச்சுவை இல்லாமல் இல்லை. அதைக் கல்லிலும் வெண்கலத்திலும் செய்து பீடத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சொல்லிவிட்டு, கேட்பவர் சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

வில்னியுஸின் மையப் பகுதியில் இருக்கும் ஃபிராங்க் ஜாப்பா சிலையை எடுத்துக்கொள்ளலாம். ஜாப்பா அமெரிக்க ராக் இசைக்கலைஞர். நீண்ட முடி, தொங்கு மீசை, அரசாங்கம் என்றாலே குதர்க்கம். அவருக்கும் லிதுவேனியாவுக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. வாழ்நாளில் அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. 1993-இல் அவர் இறந்தார். சோவியத் ஒன்றியத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த நாட்டில், காலியான பீடங்கள் நிறைய இருந்தன. அவருடைய ரசிகர் கூட்டம் ஒன்று நகராட்சியிடம் போய், அவருக்கு ஒரு சிலை வைக்கலாமே என்று கேட்டது. 1995-இல் சிலை எழுந்தது. அதைச் செய்தவர் கொன்ஸ்டன்டினாஸ் பொக்டானாஸ் என்ற மூத்த சிற்பி. அதுவரை லெனினையும் மற்ற சோவியத் தலைவர்களையும் வடித்துப் பழகிய கை அது. புரட்சித் தலைவருக்குக் கொடுத்த அதே கம்பீரத்தை ராக் பாடகருக்கும் கொடுத்துவிட்டார். விவகாரம் இத்தோடு முடியவில்லை. 2010-இல் அந்தச் சிலையின் நகல் ஒன்றை, ஜாப்பா பிறந்த பால்டிமோர் நகரத்துக்கே லிதுவேனியர்கள் பரிசாக அனுப்பி வைத்தார்கள். சொந்த ஊர் செய்ய மறந்த மரியாதையை வேற்றூர்க்காரர்கள் பார்சலில் அனுப்பிய கதை இது.

அங்கிருந்து நடந்தே வில்னேலே என்ற சிற்றாற்றின் பாலத்துக்குப் போய்விடலாம். பாலம் தாண்டினால் வேறு நாடு. உஷூபிஸ் குடியரசு 1997 ஏப்ரல் 1-ஆம் தேதி தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. தேதியைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு ஜனாதிபதி உண்டு, கொடி உண்டு, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட படைகூட ஒரு காலத்தில் இருந்தது. ஆண்டுதோறும் அதே தேதியில் பாலத்தில் நின்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவார்கள். அரசியல் சாசனத்தின் 41 பிரிவுகளைப் பல மொழிகளில் கண்ணாடி போல் பளபளக்கும் தகடுகளில் பொறித்துச் சுவர் நெடுக மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மகிழ்ச்சியாக இருக்க உரிமை உண்டு. மகிழ்ச்சி இல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு. நாய்க்கு நாயாக இருக்கும் உரிமை. பூனை தன் எஜமானரை நேசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் ஆபத்துக் காலத்தில் உதவ வேண்டும். இப்படிப் போகிறது சாசனம். பூனையின் கடமையை அரசியல் சாசனத்தில் எழுதி வைத்த இன்னொரு குடியரசு இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பூனை அதைப் படித்திருக்குமா என்பது வேறு விஷயம்.

தகடுகளைப் படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். உஷூபிஸ் ஒரு காலத்தில் யூதர்கள் நிறைந்து வாழ்ந்த பேட்டை. இரண்டாம் உலகப் போரில் அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். சோவியத் காலத்தில் அது இடிந்த வீடுகளின் தெருவாகக் கிடந்தது. வாடகை கொடுக்க வக்கில்லாத ஓவியர்களும் இசைக்காரர்களும் அங்கே குடியேறினார்கள். மகிழ்ச்சி இல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு என்ற பிரிவை அந்தத் தெருவில் நின்று இரண்டாம் முறை படித்தால், முதல் முறை வந்த சிரிப்பு அப்படியே வருவதில்லை.

அந்தக் கலைஞர் பேட்டையில் வாழ்ந்தவர்தான் வில்னியுஸின் மேயராக இருந்த அர்துராஸ் ஜுவோகாஸ். 2011-இல் சைக்கிள் பாதையில் விலையுயர்ந்த கார்களை நிறுத்துகிறவர்களுக்குப் பாடம் புகட்ட எண்ணி, ராணுவக் கவச வண்டியில் ஏறி, நிறுத்தியிருந்த மெர்சிடிஸ் கார் ஒன்றை நசுக்கிக்கொண்டு போனார். படப்பிடிப்புக்கென்றே ஏற்பாடு செய்த காட்சி அது. பிறகு துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கினார். அந்த ஆண்டின் இக் நோபல் அமைதிப் பரிசு அவருக்குக் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கும் செயல்களுக்காகத் தரப்படும் கிண்டல் பரிசு அது. லிதுவேனியாவுக்கு இது இரண்டாவது. முதலாவது யாருக்குப் போனது என்பதற்குத் தெற்கே 130 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்குமுன் ஒரு கோட்டையைப் பார்த்துவிடலாம். லிதுவேனியாவுக்கு வந்துவிட்டு டிராகாய் போகாமல் திரும்பினேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒருநாள் பயணத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த நாடு இது. மொத்தப் பரப்பு சுமார் 65,300 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 30 லட்சத்தைத் தொடவில்லை. கிழக்கு மூலையில் இருக்கும் வில்னியுஸிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சுமார் 300 கிலோமீட்டர். டிராகாய் இன்னும் சுலபம். ரயிலில் அரை மணி நேரம், பிறகு ஏரிக்கரை ஓரமாக நடை. கால்வே ஏரியின் நடுவில், ஒரு தீவு முழுவதையும் அடைத்துக்கொண்டு செங்கல் கோட்டை நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் லிதுவேனிய ஆட்சியாளர் கெஸ்டூடிஸ் கட்டத் தொடங்கியதை அவர் மகன் வீதாவ்தாஸ் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்தார். 1410-இல் டியூட்டானிக் வீரர்களைத் தோற்கடித்த போரில் நின்ற அதே வீதாவ்தாஸ். அவர் காலத்தில் லிதுவேனியாவின் ஆட்சி கருங்கடலைத் தொட்டது.

அவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு கிரீடம் மட்டும் வாய்க்கவில்லை. அவர் பெருங்கோமகன், ஆனால் முறைப்படி முடிசூடிய அரசர் அல்லர். புனித ரோமப் பேரரசின் சிகிஸ்மண்ட் மன்னர் ஒரு கிரீடத்தை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். 1430 செப்டம்பரில் முடிசூட்டு விழா குறித்தாயிற்று, விருந்தினர்கள் வந்தாயிற்று. கிரீடம் கொண்டுவந்த தூதர்களைப் போலந்துப் பிரபுக்கள் வழியிலேயே மறித்துவிட்டார்கள். எண்பதை எட்டிய கோமகன் பார்சலுக்குக் காத்திருந்தார். நாள் தள்ளிப்போனது. இடையில் குதிரையிலிருந்து விழுந்தார். அக்டோபர் 27-ஆம் தேதி இதே டிராகாயில் உயிர் பிரிந்தது. கிரீடம் கடைசிவரை வந்து சேரவில்லை. விமான நிலையப் பட்டையில் எல்லோர் பெட்டியும் வந்து தன் பெட்டி மட்டும் வராமல் நிற்கிற பயணி யாராக இருந்தாலும், வீதாவ்தாஸை நினைத்துக்கொண்டால் சற்று ஆறுதல் கிடைக்கும்.

கோட்டையைப் பார்த்து, 600 வருஷத்துச் செங்கல் எவ்வளவு புதுசாக இருக்கிறது என்று வியக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அதில் பெரும்பகுதி புதுசுதான். பல நூற்றாண்டுகள் இடிபாடாகக் கிடந்ததை, சோவியத் ஆட்சியின்போது 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் எடுத்துக் கட்டினார்கள். நிலப்பிரபுத்துவக் காலத்தைத் தூக்கிப் பிடிக்கிறீர்களா என்று மாஸ்கோவிலிருந்து கண்டனம் வந்தது. லிதுவேனியர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கட்டி முடித்தார்கள். கம்யூனிஸ்ட் பணத்தில் ஒரு மன்னர் கோட்டை.

வீதாவ்தாஸ் 1397-98 வாக்கில் கிரிமியாவிலிருந்து கரைம் மக்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினார். துருக்கிய இன மொழி பேசுகிறவர்கள். பின்பற்றுவது எபிரேய வேதத்தை. அவர்களுடைய மர வீடுகள் இன்றும் தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல்களோடு நிற்கின்றன. ஒன்று கடவுளுக்கு, ஒன்று வீட்டாருக்கு, மூன்றாவது வீதாவ்தாஸுக்கு என்பார்கள். முடி கிடைக்காதவருக்கு வீட்டுக்கு வீடு ஒரு ஜன்னல் கிடைத்துவிட்டது. இன்று நாடு முழுவதும் கரைம்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. ஆனால் அவர்களின் கிபினாய்க்கு மட்டும் குறைவே இல்லை. சோமாசு மாதிரிப் பிறைவடிவில் மடித்து, உள்ளே ஆட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்துச் சுட்டெடுத்த பண்டம். சுடச்சுடக் கடித்தால் உள்ளிருக்கும் சாறு முழங்கை வரை இறங்கும். கோட்டையைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் ஊருக்குத் திரும்பியபின் விவரமாகப் பேசுவது இதைப் பற்றித்தான்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பயணத் திட்டத்தையே மாற்றக்கூடியது. உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, உள்ளே இறைச்சி வைத்து, ஆகாயக் கப்பல் வடிவத்தில் உருட்டி வேகவைத்து, மேலே புளித்த பாலேட்டையும் வறுத்த பன்றிக்கொழுப்பையும் கொட்டித் தருவது செப்பெலினாய். ஒரு தட்டில் இரண்டு வரும். ஒன்றைச் சாப்பிட்டவர் பிற்பகல் திட்டத்தில் ஒரு தேவாலயத்தை வெட்டிவிடுவார். இரண்டையும் சாப்பிட்டவர் அருங்காட்சியகத்தின் வரவேற்பறை நாற்காலியிலேயே அருங்காட்சியகம் முழுவதையும் பார்த்து முடித்துவிடுவார். கோடையில் வந்தவர்களுக்கு மாற்று மருந்தாகப் பீட்ரூட், கெஃபிர், வெள்ளரி, சோயிக்கீரை போட்ட குளிர்ந்த சூப் இருக்கிறது. அதன் நிறம் கல்யாண வீட்டு மேடைப் பட்டுக்குக்கூடத் துணிச்சலானது. அந்த இளஞ்சிவப்புக்கென்றே வில்னியுஸில் திருவிழா கொண்டாடுகிறார்கள்.

இப்போது தெற்கே, ட்ருஸ்கினின்காய் பக்கம் இருக்கும் க்ரூடாஸ் பூங்காவுக்கு வரலாம். ட்ருஸ்கினின்காய் கனிமநீர்க் குளியலுக்குப் பேர்போன ஊர். உடம்பு சரியில்லாதவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே வந்து உப்பு நீரைக் குடித்து முகம் சுளிக்கிறார்கள். சோவியத் ஆட்சி போனதும் நாடெங்கும் இறக்கப்பட்ட லெனின்களும் ஸ்டாலின்களும் கிடங்குகளிலும் கொல்லைகளிலும் கவிழ்ந்து கிடந்தார்கள். வில்னியுஸின் லூகிஷ்கேஸ் சதுக்கத்தில் நின்ற லெனினை 1991 ஆகஸ்டில் கிரேன் கட்டித் தூக்கியபோது, முழங்காலுக்குக் கீழே கால்கள் பீடத்திலேயே நின்றுவிட்டன. மீதி லெனின் ஆகாயத்தில் போனார். இத்தனை தலைவர்களையும் என்ன செய்வது என்று அரசு தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது முன்வந்தவர் விலியுமாஸ் மலினவுஸ்காஸ். முன்னாள் கூட்டுப்பண்ணைத் தலைவர். பிறகு காளான் பதப்படுத்தி விற்றுப் பணக்காரர் ஆனவர். காட்டு நிலத்தில் சதுப்பை வடித்து, பாதை போட்டு, 46 சிற்பிகள் செய்த 86 சிலைகளை மரங்களுக்கு நடுவே நிறுத்தி, சுற்றிலும் முள்வேலியும் காவல் கோபுரமும் அமைத்து 2001-இல் திறந்துவிட்டார். பயணிகளை வில்னியுஸிலிருந்து மாடுகளை ஏற்றும் பழைய ரயில் பெட்டிகளில் ஏற்றிவரவும் யோசனை வைத்திருந்தார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு இக் நோபல் அமைதிப் பரிசு அவருக்கு.

பூங்காவில் சோவியத் காலத்துச் சாப்பாடு கிடைக்கும், குழந்தைகளுக்கு ஊஞ்சல் உண்டு, சின்ன மிருகக்காட்சிசாலையும் உண்டு. ஸ்டாலினைப் பார்த்துவிட்டு ஈமுவைப் பார்க்கலாம். இந்த இடத்தில் எழுதுகிறவரின் பேனா சற்றுத் தயங்குகிறது. மாட்டுப் பெட்டிகளில் சைபீரியாவுக்கு ஏற்றப்பட்டுத் திரும்பி வந்தவர்களும், திரும்பாதவர்களின் பிள்ளைகளும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்தச் சிலைகளைக் காசு வாங்கிக்கொண்டு காட்டக் கூடாது என்று அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சிலைகளை உருக்கியிருக்க வேண்டும் என்ற கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் பார்த்தாலே வயிற்றைக் கலக்கிய உருவங்கள், காளான்காரர் ஒருவரின் தோட்டத்தில், தலையில் பைன் ஊசி இலைகள் விழுந்து கிடக்க, ஐஸ்கிரீம் தின்னும் சிறுவர்களுக்கு நடுவே நிற்கின்றன. சர்வாதிகாரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்த நீதிமன்றமும் எழுதியிருக்காது என்றே தோன்றுகிறது.

வடக்கே ஷவுலெய் நகரத்துக்கு 12 கிலோமீட்டரில் இருக்கும் சிலுவை மலையில் இந்தக் கேலியெல்லாம் கிடையாது. மலை என்பது பேருக்குத்தான், சிறு மேடு. 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசுக்கு எதிரான கிளர்ச்சிகளில் இறந்தவர்களுக்காக நட ஆரம்பித்த சிலுவைகள் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 1961-இல் சோவியத் அரசு புல்டோசர் விட்டு அத்தனையையும் தரைமட்டமாக்கியது. இரவோடு இரவாக ஆட்கள் புதுச் சிலுவைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். மறுபடி புல்டோசர், மறுபடி சிலுவைகள். கடைசியில் ஓய்ந்துபோனது புல்டோசர்தான். 1993-இல் போப் இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து திருப்பலி நிறைவேற்றினார்.

கடலோரத்துக்குப் போகிறவர்கள் கிளைப்பேடாவில் தங்கி, படகில் ஏறி, குரோனிய மணல்திட்டுக்குப் போவது நல்லது. வில்னியுஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியும் என்று சொல்லும் பயண ஏற்பாட்டாளர்களும் இருக்கிறார்கள். முடியும்தான், பேருந்து ஜன்னலைப் பார்ப்பதும் கடலைப் பார்ப்பதும் ஒன்றே என்று நினைப்பவர்களுக்கு. ஒரு பக்கம் பால்டிக் கடல், மறுபக்கம் காயல், நடுவில் 98 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒல்லியான மணல் பட்டை. பாதிக்குச் சற்று மேல் லிதுவேனியாவுடையது, மீதி ரஷ்யாவுடையது. மனிதர்கள் காட்டை வெட்டினார்கள். மணல் எழுந்து நடக்க ஆரம்பித்தது. பத்துக்கும் மேற்பட்ட கிராமங்களை அது விழுங்கியது. நீடா கிராமத்தார் வீட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மரம் நட்டு நட்டுத்தான் மணலை உட்கார வைத்தார்கள். இன்று அந்த மேடுகளில் கண்ட இடத்தில் ஏறினால் அபராதம்.

அத்தனை மணலில் என்ன விளையும்? மீன் கிடைக்காத நாட்களில் இங்கத்திய மக்கள் காக்கை பிடித்தார்கள். இலையுதிர் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறந்து போகும் காக்கைகளை வலை விரித்துப் பிடித்து, மண்டையைப் பல்லால் கடித்துக் கொன்று, உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து வைத்துக் குளிர்காலம் முழுக்கத் தின்றார்கள். காக்கை கடிக்கிறவர்கள் என்றே அவர்களுக்குப் பட்டப்பெயர் இருந்தது. அருங்காட்சியகத்தில் இதைப் படித்துவிட்டு வெளியே வரும் பயணிகள், உணவுவிடுதியில் புகைபோட்ட மீனை வாங்கும்போது, அது மீன்தானே என்று ஒரு முறைக்கு இருமுறை கேட்டுக்கொள்கிறார்கள்.

நீடாவின் மரக் காற்றுக்காட்டிகளுக்குப் பின்னால் ஒரு அரசாணை இருக்கிறது. 1844-இல் மீன்பிடிப்பைக் கண்காணித்த பியர்போம் என்ற அதிகாரி, எந்தப் படகு எந்த ஊர் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். விதியை மீறி வலை போடுகிறவர்களைப் பிடிப்பதுதான் நோக்கம். படகில் ஏற்றும் கொடிப் பலகைக்கு ஒவ்வொரு ஊருக்கும் நிறமும் வடிவமும் ஒதுக்கப்பட்டன. மணல்திட்டுக் கிராமங்களுக்குக் கறுப்பும் வெள்ளையும். படகோட்டிகள் பணிந்தார்கள். பிறகு குளிர்கால இரவுகளில் பொழுதுபோகாமல், அந்தக் கொடிப் பலகையைச் சுற்றிச் சித்திர வேலை செதுக்கத் தொடங்கினார்கள். வீடு, தேவாலயம், மனைவி மக்கள், கலங்கரை விளக்கம், மரம் என்று எல்லாம் ஏறிக்கொண்டது. சில தலைமுறைகளில் அபராதத்துக்கான அடையாளப் பலகை நாட்டின் பெருமைக்குரிய கைவினைப் பொருளாகிவிட்டது. நம்பர் பிளேட்டைச் சிற்பமாக்கிய சமூகம் அது.

நீடாவில் நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் ஒரு கோடை வீடு கட்டினார். 1930, 31, 32 ஆகிய மூன்று கோடைகள் மட்டுமே அவரால் அங்கே கழிக்க முடிந்தது. ஹிட்லர் வந்தார், மன் நாட்டைவிட்டுப் போனார், கோரிங் அந்த வீட்டைப் பிடுங்கிக்கொண்டார். இன்று அது அருங்காட்சியகம். சற்றுத் தள்ளிப் பார்னிடிஸ் மணல்மேட்டின் உச்சியில் பிரம்மாண்டமான சூரியக் கடிகாரம் நிற்கிறது. 1995-இல் வைத்தார்கள், 1999-இல் புயல் உடைத்தது, 2011-இல் மறுபடி வைத்தார்கள். ஆண்டின் பெரும்பகுதி மேகம் மூடிக் கிடக்கும் ஒரு கடற்கரையில் சூரியக் கடிகாரத்தை இரண்டு தரம் நிறுவியவர்களை அவநம்பிக்கைக்காரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

காயலுக்கு எதிர்க்கரையில், நெமுனாஸ் ஆறு கிளை பிரியும் இடத்தில் ருஸ்னே தீவு. முன்பெல்லாம் வசந்த காலத்தில் வெள்ளம் வந்தால் சாலை மூழ்கிவிடும். கார்களை டிராக்டர் வண்டிகளில் ஏற்றி அக்கரை சேர்த்த காலம் உண்டு. அந்த ஆற்றங்கரையில் இரண்டு பேர் அருகருகே நிற்கும் வெண்கலச் சிலை. ஒருவர் கோட்டு போட்டவர். மற்றவர் காந்தி.

கோட்டுக்காரர் ஹெர்மன் காலன்பாக். 1871-இல் இந்தப் பக்கத்தில் பிறந்து, ருஸ்னேயில் வளர்ந்த யூதர். கட்டடக் கலை படித்துத் தென்னாப்பிரிக்கா போய்ச் செழிப்பாக வாழ்ந்தவர், காந்தியைச் சந்தித்ததும் ஆளே மாறினார். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்காக விட்டுக்கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் கணிசம். காந்தி தமிழ்க் குழந்தைகளுக்கு வாத்தியாராக உட்கார்ந்து, தட்டுத்தடுமாறித் தமிழையும் சொல்லிக்கொடுத்தது அந்தப் பண்ணையில்தான். நண்பர்கள் இருவரும் கடிதங்களில் ஒருவரை ஒருவர் 'மேலவை', 'கீழவை' என்று அழைத்துக்கொண்டார்கள். காந்தி மேலவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1911-இல் கீழவை ஐரோப்பாவுக்குக் கிளம்பியபோது மேலவை ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கியது: ஏழை விவசாயிக்குத் தகுந்த அளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது, வழியில் கல்யாணம் எதுவும் செய்துகொள்ளக் கூடாது. 2015 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்த சிலையில் இரண்டு அவைகளும் ஆற்றோரம் நிற்கின்றன. ஒப்பந்தம் இன்னும் அமலில் இருப்பது போலவே கீழவையின் முகம் இருக்கிறது.

கவுனாஸ் நகரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அங்கே பிசாசுகள் இருக்கின்றன. இரண்டு போர்களுக்கும் இடையே வில்னியுஸ் போலந்தின் கையில் இருந்ததால் கவுனாஸ் தற்காலிகத் தலைநகரமாயிற்று. தற்காலிகம் என்ற பெயருடன் இருபது ஆண்டு தலைநகரமாக இருந்து, அந்த இருபது ஆண்டில் எழுப்பிய நவீன பாணிக் கட்டடங்களுக்காக 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அந்தானாஸ் ஷ்முய்ஜினாவிசியுஸ் அங்கே வாழ்ந்த ஓவியர். 1906-இல் ஒரு நண்பர் அவருக்குப் பிசாசுப் பொம்மை ஒன்றைப் பரிசளித்தார். அந்த நண்பர் வைஷ்கன்டாஸ் என்ற புனைபெயரில் எழுதிய கத்தோலிக்கப் பாதிரியார். பாதிரியார் கொடுத்த பிசாசு ராசியான பிசாசு போலிருக்கிறது; ஒன்று பத்தாகி, பத்து நூறாகிவிட்டது. அவர் இறந்த 1966-லேயே அவர் வீட்டில் அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்று மூவாயிரத்துக்கும் மேல் பிசாசுகள்; உலகெங்குமிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊர்ப் பிசாசைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போகிறார்கள். லிதுவேனிய நாட்டுப்புறக் கதைகளில் பிசாசு அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை, குடியானவனிடம் அடிக்கடி ஏமாந்துபோகிறவன். கூட்டத்தில் பயமுறுத்துகிறவை இரண்டே இரண்டு: லிதுவேனியாவின் மேல் ஆடும் ஹிட்லர் பிசாசும் ஸ்டாலின் பிசாசும்.

கூடைப்பந்து பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கவுனாஸை விட்டுக் கிளம்ப உள்ளூர்க்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். 1939 ஐரோப்பியப் போட்டிக்கென்றே அங்கே ஒரு அரங்கம் கட்டி, லாட்வியாவை 37-36 என்று ஒரே புள்ளியில் வென்று, கோப்பையையும் வாங்கினார்கள். அணியின் தூண், அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிராங்க் லூபின். 1936 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்துவிட்டு வந்தவர். விடுதலைக்குப் பின் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போகக் காசில்லாமல் தவித்தபோது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு உதவிக்கு வந்தது. பழைய சோவியத் நாடுகளின் கூட்டணியைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கிய வீரர்கள், சாயம் கலங்கிய சட்டையில் எலும்புக்கூடு பந்து போடும் படத்துடன் மேடை ஏறினார்கள். ராக் இசைக்காரர்களிடம் இந்த நாட்டுக்கு ஏதோ பூர்வஜன்மக் கடன்.

மாலையில் அலெக்சோதாஸ் குன்றின் மேல் ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். 1935-இல் போட்ட கயிற்று ரயில் அங்கே ஏற்றி இறக்கும். குன்றின் அடியில் நெமுனாஸ் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். 19-ஆம் நூற்றாண்டில் கவுனாஸ் கரை ரஷ்யப் பேரரசின் ஒரு மாகாணம். அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டி. அலெக்சோதாஸ் கரை போலந்து ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கே கிரெகோரிய நாட்காட்டி. இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம், 1900-க்குப் பிறகு 13. உலகத்திலேயே நீளமான பாலம் இதுதான், கடக்கப் பன்னிரண்டு நாளாகும் என்று அந்தக் கால ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அலெக்சோதாஸ் கரையில் புத்தாண்டு கொண்டாடிவிட்டு, கவுனாஸ் கரைக்கு வந்து மறுபடி கொண்டாடலாம். ஒன்றாம் தேதிக்குள் கடனைக் கட்டுகிறேன் என்று அலெக்சோதாஸில் வாக்குக் கொடுத்தவன், தேதி நெருங்கியதும் பாலம் தாண்டிக் கவுனாஸுக்குள் நுழைந்துவிட்டால் அவனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் தவணை. ஒருநாள் சுற்றுலாவுக்கென்று காலையில் கவுனாஸிலிருந்து கிளம்பிப் பாலத்தைக் கடந்தவர், இருட்டுவதற்குள் இக்கரைக்குத் திரும்பினால், அவர் போய்ச் சேர்ந்த தேதி இங்கே வருவதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கும்.